பழைய வீட்டு ஜன்னலும் ஓதமும்

மழைக்காலத்தில் ஜன்னலுக்குக் கீழே சுவர் உப்பி, பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் நம் ஊரில் முதலில் கூப்பிடுவது பெயின்டரைத்தான். அவர் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்கும். அடுத்த ஐப்பசியில் அதே இடம், அதே உப்பல். பெயின்டர்மேல் தப்பு இல்லை. அவரிடம் சுவரின் மேல்பூச்சைத்தான் ஒப்படைக்கிறோம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்லி அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

நான் இருப்பது மயிலாப்பூரில் தாத்தா 1940களில் கட்டிய வீடு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த 14 அங்குலச் சுவர். மாடித் தளம் மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லை நிற்க வைத்துச் சாய்வரிசையாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து இறுக்கியது. ஜன்னல்கள் எல்லாம் பர்மா தேக்கு, நிலைக்குள் உருட்டுக் கம்பி செருகியவை. ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்க லிண்டல் என்கிற குறுக்குச் சட்டம் கிடையாது, செங்கல் வளைவுதான். கான்கிரீட் சன்ஷேடு 1970களில் சேர்த்தது. அதற்கும் பிறகு ஒரு ரிப்பேரில் வெளிச்சுவரின் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசியிருக்கிறார்கள். இந்த மூன்று காலத்து வேலைகளும் ஒன்றோடொன்று முட்டுகிற இடம் ஜன்னல். இணைப்பு எங்கே அதிகமோ அங்கேதான் தண்ணீருக்கு வழியும் அதிகம்.

சென்னையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடும். நேராக விழுகிற மழையை சன்ஷேடு தாங்கிக்கொள்ளும். காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழைதான் சுவரை ஊற வைக்கிறது, இங்கே அது பெரும்பாலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எங்கள் வடக்கு ஜன்னல்களில் சாத்திய கதவின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே பீச்சியடித்தது. ஆகவே ஓதத்தைத் தேடும்போது முதலில் திசையைப் பார்க்க வேண்டும். வடக்கும் கிழக்கும் காய்ந்திருந்து மேற்குச் சுவர் மட்டும் நனைந்திருந்தால் கோடை இடிமழையையோ, சுவருக்குள் போகிற குழாயையோ சந்தேகிக்கலாம்.

அடுத்தது கறையின் உருவம். ஜன்னலின் மேல் மூலைகளில் ஈரம் தெரிந்தால் சன்ஷேடும் சுவரும் சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும். கீழ் மூலைகளிலிருந்து சரிவாக இறங்கினால் ஜன்னல் அடிக்கல்லையோ, நிலையின் அடிச்சட்டத்தையோ பார்க்க வேண்டும். தரையிலிருந்து கிளம்பி முழங்கால் உயரம்வரை ஒரே மட்டமாக நிற்கிற ஓதம் அஸ்திவாரத்திலிருந்து ஏறுவது, அதற்கு ஜன்னலோடு சம்பந்தம் இல்லை. ஆனால் இந்த அடையாளங்களை மட்டும் நம்பி உளியை எடுக்கக் கூடாது. 14 அங்குலச் சுவருக்குள் நுழைந்த தண்ணீர், காரை எங்கே இளகியிருக்கிறதோ அந்த வழியாக ஓடி, கொஞ்சம் தள்ளித்தான் வெளியே தலைகாட்டும்.

அதனால் சோதனை. உளியின் மரப்பிடியால் பூச்சைத் தட்டிக்கொண்டே போனால், பிடிப்பு விட்ட இடத்தில் ‘டொப்’ என்று சத்தம் மாறும். அந்த எல்லையைச் சாக்பீஸால் வரைந்து வைத்துவிடுங்கள். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை நிலையின் கால் அடியில் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு முனையை உள்ளே விடாது. மக்கிய மரத்தில் அது சத்தமே இல்லாமல் இறங்கும், மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தாலும்கூட. பெயின்ட்தான் பல சமயம் மக்கலை மறைத்துக்கொண்டு நிற்கும். மண் கோடு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஈரம் இருக்கிற மரத்தைக் கறையான் சீக்கிரம் தேடி வரும்.

ஏ.சி. போட்ட அறையில் இன்னொரு குழப்பம் உண்டு. சுவர் உள்ளிருந்து ஊறுகிறதா, அறைக் காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறதா? ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலிதீன் தாள் ஒன்றை வெட்டி, நாலு பக்கமும் காற்று போகாமல் டேப் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் நின்றால் அது காற்றிலிருந்து படிந்தது. நயா பைசா செலவில்லாத இந்தச் சோதனை, விலை கூடிய ஈரமானிகளைவிட எனக்கு நம்பகமாகப் பட்டது. அந்தக் கருவி மரத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். உப்பு ஏறிய சுவரில் வைத்தால் காய்ந்த இடத்தில்கூட எண் எகிறும். கடற்கரைக்குப் பக்கத்து வீடுகளில் உப்பு இல்லாத சுவர் ஏது?

கடைசியாகத் தோட்டத்து ஹோஸ் பைப். இதில் வரிசை முக்கியம்: கீழிருந்து மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் மேலே பாய்ச்சினால் தண்ணீர் எல்லா இணைப்பு வழியாகவும் இறங்கி, எது ஓட்டை என்று தெரியாமல் போய்விடும். முதலில் ஜன்னல் அடிக்கல் மட்டும். பத்து, பதினைந்து நிமிஷம் மெதுவாக ஓட விட வேண்டும், உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்திருக்க வேண்டும். நனையவில்லை என்றால் நிலையின் பக்கவாட்டு இடுக்கு. அப்புறம் சன்ஷேடின் மேல்பக்கம், அதற்கும் அப்புறம் அதற்கு மேலுள்ள சுவர். பொறுமையைச் சோதிக்கிற வேலைதான். ஆனால் கொத்தனாரிடம் “இங்கேதான்” என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதே, அதற்கு ஈடே இல்லை.

எங்கள் வீட்டில் மூன்று ஜன்னல்கள், மூன்று காரணங்கள்.

கூடத்துக் கிழக்கு ஜன்னலில் குற்றவாளி சன்ஷேடு. மேலே ஏறிப் பார்த்தால் பக்கத்து வேப்பமரத்துச் சருகு மக்கி மண்ணாகவே ஆகியிருந்தது. அதில் ஓர் அரசங்கன்று. காக்கை போட்ட விதை. அதன் வேர் சன்ஷேடும் சுவரும் சேருகிற விரிசலுக்குள் போயிருந்தது. பல இடங்களில் மேல்பூச்சு தேய்ந்து, வாட்டம் வெளிப்பக்கம் இல்லாமல் சுவர்ப் பக்கமாகத் திரும்பியிருந்தது. பெய்த மழை வடியாமல் நின்று விரிசல் வழியாக நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: அரசங்கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள். வேரோடு செங்கல் காரையும் பெயர்ந்து வரும், அறுந்து உள்ளே தங்குகிற வேர் மறுபடி துளிர்க்கும். விரிசலைக் கொஞ்சம் திறந்து, வேர் போகிற வழியே போய், தெரிகிறவரை வெட்டி எடுக்க வேண்டும்.

வடக்குப் படுக்கையறை ஜன்னல் வேறு கதை. அங்கே சுவர் மே மாதத்தில் நனைந்திருந்தது. அக்னி நட்சத்திரத்தில் ஓதம்! பாலிதீன் தாள், ஈரம் சுவருக்குள்ளிருந்துதான் என்று சொல்லிவிட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது மாடி ஏ.சி.யின் வடிகுழாய் சன்ஷேடுக்கு ஒரு சாண் மேலே முடிந்து, சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது. புழுக்கமான நாளில் ஒரு ஏ.சி. மணிக்கு ஒரு லிட்டர்வரைகூட வடிக்கும். இரவு முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட ஒரு வாளி, அதுவும் கோடை முழுக்க ஒரே இடத்தில். மழைத் தண்ணீர் நாலு நாள் வந்துவிட்டுப் போகும், இது தினமும் வரும். மாடியில் இருப்பவர்களிடம் சொன்னதும் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டார்கள். ஒரு எல்போ, கொஞ்சம் பி.வி.சி. குழாய், வாழைப் பாத்திவரை இறக்கியாகிவிட்டது. ஓதத்தைத் தேடுகிற எல்லோரும் முதலில் ஏ.சி. குழாய் எங்கே முடிகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. இப்போது பழைய வீடுகளில் மழைக்கு ஈடாக இதுவும் சுவரைக் கெடுக்கிறது.

மூன்றாவது, சமையலறை ஜன்னல். அடியில் கடப்பைக்கல் போட்டிருந்தார்கள், நல்ல கல். பிற்பாடு அழகுக்காக அதன்மேல் டைல்ஸ் ஒட்டியதில் மட்டம் உயர்ந்து, நிலையின் அடிச்சட்டத்தைவிட மேலே வந்துவிட்டது. கதவில் வழிகிற தண்ணீர் வெளியே ஓடாமல் சட்டத்துக்கு அடியில் தேங்கியது. டைல்ஸைப் பெயர்த்ததும் கீழே மரம் ஈரச் சக்கையாக இருந்தது.

வேலை எதற்கு எது என்று பிரித்துச் செய்தோம். சன்ஷேடு கான்கிரீட், அதற்கு சிமென்டே சரி. விரிசலை ‘வி’ வடிவில் அகலப்படுத்தி, தூசி ஊதி, நனைத்து, நீர்க்காப்புக் கலவை சேர்த்த சிமென்ட் அடைத்தார்கள். சுவரோடு சேரும் மூலையில் கூர்மையாக விடாமல் உருட்டி மெழுகி, மேல்பக்கம் முழுக்க வெளிவாட்டம் கொடுத்து மறுபடி பூசினார்கள். வாட்டம் சரியா என்று மேஸ்திரி ரசமட்டம் வைத்துப் பார்த்தார். எனக்கு அது போதவில்லை, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பார்த்தேன். சன்ஷேடின் அடிப்பக்கம், வெளி விளிம்பை ஒட்டி ஒரு சிறு காடி, அதாவது பள்ளக் கோடு, வேண்டும். விளிம்பில் வழிகிற நீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவரைத் தொடாமல், அந்தக் காடியில் தடைபட்டுச் சொட்டிவிடும். பழைய கொத்தனார்கள் சொல்லாமலே எடுத்த காடி இது. இப்போது கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கடப்பைக்கல்லுக்கும் இதே கணக்கு: வெளிவாட்டம், சுவரைத் தாண்டி இரண்டு அங்குலம் நீட்டல், அடியில் காடி. சன்ஷேடின் அடியில் கம்பி துருத்திக்கொண்டு தெரிந்தால் சும்மா பூசி மறைக்க விடாதீர்கள். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், புதுப் பூச்சையும் தள்ளிவிடும். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்த பிறகுதான் பூச்சு.

சுவர் விஷயத்தில்தான் வாக்குவாதம் நடந்தது. பார்க்க வந்த முதல் கான்ட்ராக்டர் சிமென்ட் பூசி, மேலே வாட்டர் புரூப் பெயின்ட் அடித்தால் தீர்ந்தது என்றார். சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவருக்கு அது சரிப்படாது என்பது என் உறுதியான எண்ணம். இந்தச் சுவர் மழையில் கொஞ்சம் குடிக்கும், வெயிலில் அதை ஆவியாக விட்டுவிடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு இடம் கொடுக்கிறது. சிமென்ட் பூச்சு இறுக்கமானது, அதன் மயிரிழை விரிசல் வழியாக நீர் உள்ளே போய்விடும், திரும்ப வெளியேற வழி கிடைக்காது. மேலே பிளாஸ்டிக் போன்ற பெயின்டும் அடித்துவிட்டால் வெளிப்பக்கம் முழு அடைப்பு. அப்புறம் ஈரம் வீட்டுக்குள் பார்த்துத்தான் வரும். கூடவே செங்கல்லில் இருக்கிற உப்பைக் கரைத்துக் கொண்டுவரும். நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளி உதிர்க்கும். நாம் பார்க்கிற வெள்ளைப் பூ அதுதான். எங்கள் கூடத்தில் வெளி சிமென்டைக் கொத்தியபோது உள்ளே செங்கல் கறுத்து, தொட்டால் சில்லென்று இருந்தது. மழை நின்று மாதங்கள் ஆகியிருந்தன.

கொத்தியதும் உடனே பூசவில்லை. கனமான சுவர் காய, ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கணக்குச் சொல்வார்கள். சென்னை வெயிலில், இரண்டு பக்கமும் திறந்திருந்தால் சீக்கிரமே காயும். அப்படியும் மாசியில் கொத்தியதைச் சித்திரை முடியும்வரை விட்டு வைத்தோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது, வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். அந்த நாட்களில் பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே விரித்த செய்தித்தாளில் பிடித்து வெளியே கொட்ட வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தையும் இழுக்கும். ஓட்டையை அடைத்த பிறகும் சில சுவர்கள் பிசுபிசுவென்றே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி விசாரித்து விசாரித்துத்தான் கிடைத்தார். செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளில் வேலை பார்த்தவர். வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “அவசரம்னா சிமென்ட் போட்டுக்கங்கம்மா. சுண்ணாம்புன்னா நான் சொல்ற நாளுக்குத்தான் வேலை நடக்கும்” என்றார். சரி என்றேன். கல் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, சலித்து, தண்ணீருக்கு அடியில் வெண்ணெய் பதத்துக்கு வரும்வரை வாரக்கணக்கில் ஊற விட்டார். கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு ஊறப்போட்ட தண்ணீரைக் கலவைக்கு ஊற்றினார். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மணலும் சுர்க்கியும் சேர்த்து மூன்று பங்கு. சுர்க்கி என்பது அரைத்த செங்கல் பொடி, மழை அடிக்கிற வெளிச்சுவரில் சுண்ணாம்பு இறுகுவதற்கு அது துணை. எங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்பதால் கலவைக்கு மெட்ரோ தண்ணீர்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார். அரை அங்குலத்துக்கு மிஞ்சாமல் ஒரு பூச்சு, அது இறுகிய பிறகு அடுத்தது. நேர் வெயில் படாமல் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு, சாக்கை மட்டும் காலையும் மாலையும் நனைத்தோம். சுண்ணாம்பு காற்றிலிருக்கிற கரியமில வாயுவை உறிஞ்சித்தான் கல்லாகிறது. அதற்கு நாளும் வேண்டும், லேசான ஈரமும் வேண்டும். விறுவிறுவென்று காய்ந்தால் மாவாக உதிரும்.

மரத்துக்கு வருவோம். ஜன்னல் அடி மக்கிவிட்டது என்றதும் பலரும் சொன்னது, “தூக்கிப் போட்டுட்டு யு.பி.வி.சி. மாத்திடுங்க.” புது வீட்டுக்கு அந்த பிளாஸ்டிக் ஜன்னல் பொருந்தலாம். இங்கே சன்ஷேடு ஒழுகியது, அடிக்கல் தப்பாக இருந்தது. ஜன்னலை மட்டும் மாற்றினால் அதே தண்ணீர் புது ஜன்னலின் ஓரத்திலும் இறங்கும். எண்பது வருஷம் மழையும் வெயிலும் பார்த்த தேக்கில், அடியில் அரை அடி தவிர மற்றது முழுக்க உளி வழுக்குகிற மாதிரி இருந்தது. அந்த வைரம் பாய்ந்த மரம் இன்று எந்தக் கடையில் கிடைக்கும்? எங்கள் ஆசாரி சொன்னது இன்னும் நன்றாக இருந்தது: “கால் போச்சுன்னா கால் வச்சுக்கலாம்மா, அதுக்காக ஆளையா மாத்துவாங்க?”

மக்கிய பகுதிக்கு மேலும் கொஞ்சம் ஏறி, நல்ல மரம் தட்டுப்படும் இடத்தில் சரிவாக அறுத்தார். சரிவு வெளிப்பக்கம் இறங்குகிற மாதிரி, அப்போதுதான் இணைப்பில் தண்ணீர் தங்காது. பழைய மரக்கடையில் வாங்கிய தேக்குத் துண்டை அதே சரிவில் இழைத்து, பசையும் மரமுளையும் போட்டு இணைத்தார். துண்டை வைப்பதற்கு முன்னால் அதன் வெட்டு முனைக்கு எண்ணெயும் பிரைமரும் கொடுத்துவிட வேண்டும், மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அந்த முனை வழியாகத்தான். பொருத்திய பிறகு அங்கே பிரஷ் போகாது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற மரத்தைப் பூஞ்சை மக்கச் செய்வதில்லை. ஆகவே பூஞ்சை மருந்து அடிப்பதைவிட மரம் நனைந்தால் சீக்கிரம் காய வழி செய்வதுதான் மருந்து. கம்பிகள் நிலைக்குள் இறங்குகிற துளைகளில் துரு மரத்தைப் பிளந்திருந்தது. கம்பியைத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்து, துளையைச் சுத்தம் செய்து, மறுபடி தண்ணீர் நிற்காதபடி புட்டி வைத்து மூடினார்.

நிலைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடுக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அந்த இடுக்கை சிமென்டால் அடைத்தால் முதல் கோடையிலேயே விரிசல் விடும். உள்ளே சுண்ணாம்புக் கலவையும் வெளி ஓரத்தில் இழுபடுகிற சீலன்ட்டும் போட்டோம், மேலேயும் இரண்டு பக்கமும் மட்டும். அடிப்பக்க இடுக்கை அடைக்கவே இல்லை. சீலன்ட் துப்பாக்கியோடு வந்த பையன் சுற்றிலும் இழுக்கத்தான் பார்த்தான், நிறுத்தினேன். என்ன செய்தாலும் கொஞ்சம் தண்ணீர் எப்போதாவது உள்ளே போகத்தான் செய்யும், அது வெளியேற அந்த அடி இடுக்கு வேண்டும்.

வெளியே பெயின்ட் இல்லை, நீர்த்த சுண்ணாம்பு மூன்று கை. வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையோ அடிக்க வேண்டும், செலவு அதிகம் இல்லை. உள்ளே உப்பு முழுக்க அடங்கும்வரை பட்டியும் எமல்ஷனும் வேண்டாம் என்று விட்டிருக்கிறோம். போன பருவமழையில் கூடத்துச் சுவரில் புதுக் கறை எதுவும் இல்லை, ஒரு ஓரத்தில் மட்டும் லேசாக உப்பு பூத்தது. அதைத் தட்டி எடுத்தேன். வடக்கு அறை முழுக்கக் காய்ந்துவிட்டது.

ஒவ்வொரு புரட்டாசியிலும் ஏணி போட்டு சன்ஷேடுகளைக் கூட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அரசங்கன்று இரண்டு இலையில் இருக்கும்போதே கிள்ள முடிகிறது. மாடிப்படி ஜன்னல் மட்டும் பாக்கி. அதன் செங்கல் வளைவில் ஒரு விரிசல் ஓடுகிறது, அது தண்ணீரால் வந்ததா, பாரத்தால் வந்ததா என்று இன்னும் தெரியவில்லை. விரிசலுக்குக் குறுக்கே மேஸ்திரி ஒரு கண்ணாடித் துண்டைக் காரை வைத்து ஒட்டி, தேதி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள், அப்போது இன்ஜினீயரைக் கூப்பிட வேண்டும். உடையாமல் இருந்தால் மாசியில் அதையும் கொத்தப் போகிறோம்.